இருக்கையும் இருப்பும்

1

பழைய காரில் புதிய இருக்கை பொருத்தலாமா என்பது பட்டறைக் கேள்வி என்றுதான் முதலில் தோன்றும். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், நான்கு போல்ட், சில மீட்டர் ரெக்சின், ஒரு நாள் கூலி. இத்துடன் முடிந்துபோகிற சமாச்சாரம். ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள சுமார் 40 கிலோமீட்டர் சாலையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற சில அம்பாசிடர்களையும், அவற்றை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகளுக்குள் நடக்கிற சச்சரவுகளையும் கவனிக்கிற ஒருவருக்கு, மரபு என்பது பற்றி நாம் பத்திரிகைகளில் நடத்துகிற விவாதங்களைவிட இது நேர்மையான விவாதம் என்று படக்கூடும். ஏனெனில் இங்கே தோற்றவரின் முதுகு வலிக்கும்.

பொருளைப் பற்றிச் சில விவரங்கள். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் உற்பத்தி செய்யத் தொடங்கியது அம்பாசிடர். 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017இல் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஷோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வண்டி இல்லாமல் பெயர் விற்கப்பட்ட இந்தச் சம்பவமே தனிக் கட்டுரைக்கு உரியது. நமக்கு வேண்டியது முன் இருக்கை. அது ஒரே நீளப் பலகை. கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவில் கால் வைக்க இடம் இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இரும்புச் சட்டத்தில் சுருள் ஸ்பிரிங், அதன்மேல் நார், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ரெக்சின். பிரீமியர் பத்மினியிலும் இதே ஏற்பாடுதான். இதே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் மட்டும் முன்னால் தனித்தனி இருக்கைகள்.

1990களின் தொடக்கத்தில் இசுசு எஞ்சினுடன் வந்த அம்பாசிடரில் கியர் தரைக்கு இறங்கியது. தனித்தனி இருக்கைகளும் வந்தன. ஆகவே ‘அம்பாசிடரின் அசல் இருக்கை’ என்று பொதுவாகச் சொல்ல ஒன்று கிடையாது. செய்தவனே மாற்றியிருக்கிறான். அசல் என்கிற சொல்லை உபயோகிக்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பால்யத்தைத்தான் அசல் என்கிறார்கள். இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்து பேசுவது நல்லது.

2

ஒரு பொருளின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறினால் அது அதே பொருள்தானா என்ற கேள்விக்கு வயது அதிகம். ஆதென்ஸ் நகரத்தார் தீஸியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றி நெடுங்காலம் காப்பாற்றினார்கள் என்று ப்ளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீஸியஸின் கப்பல் என்று 1655இல் ஹாப்ஸ் கேள்வியைச் சிக்கலாக்கினார். நம் பக்கத்தில் மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்கிறார்: ரதத்தில் வந்தாயே, ஏர்க்கால் ரதமா, அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகத்தடி ரதமா? எதுவுமில்லை என்கிறான் மன்னன். அப்படியானால் ரதம் எங்கே?

நான் படித்த மொழிபெயர்ப்புகளில் நாகசேனரின் இந்தப் பட்டியலில் இருக்கை இல்லை. ரதத்தில் உட்கார்ந்தோ நின்றோ வந்த உடம்பு தொட்டுக்கொண்டிருந்த இடம் கணக்கில் வரவில்லை. தீஸியஸின் கப்பல் பற்றிய சர்ச்சையிலும் பலகைகள் வருகின்றனவே தவிர, துடுப்புப் போட்டவன் உட்கார்ந்த பலகை தனியாக வருவதில்லை. தத்துவம் வாகனத்தைக் கரையில் நின்று பார்க்கிறது.

அரசாங்கமும் அப்படித்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, ஆதி வடிவிலேயே பராமரிக்கப்பட்ட வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவு எண். ஆதி வடிவம் குலைந்ததா என்பதற்கு அந்த விதி பெயர் சொல்லிக் காட்டுகிற இடங்கள் மூன்று: சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின். இங்கும் இருக்கைக்குப் பெயர் இல்லை. பதிவுச் சான்றிதழில் இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. இருக்கையின் தன்மைக்குக் கட்டம் கிடையாது.

வங்கியில் கிழிந்த நோட்டு மாற்றித் தருகிற வேலையைச் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தினசரி வருவதுதான். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளுக்கு, 2018இல் திருத்திய விதிப்படி, கிழியாமல் மிஞ்சிய பெரிய துண்டின் பரப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை என்றால் பாதிப் பணம். 40க்குக் கீழே ஒன்றுமில்லை. தீஸியஸின் கப்பலை ரிசர்வ் வங்கி ஸ்கேல் வைத்து அளந்து தீர்த்துவிட்டது. இந்தத் தீர்வு செல்லுபடியாகிறது, காரணம் ரூபாய் நோட்டில் யாரும் உட்காருவதில்லை. அது கைமாறுவதற்காக மட்டும் இருக்கிற பொருள். கார் அப்படியல்ல.

வெளியே நிற்பவன் நேசிப்பது அம்பாசிடரின் உருண்டைத் தலையை, பானெட்டின் வளைவை. உள்ளே இருப்பவனுக்கு அவை தெரிவதே இல்லை. அவனுக்குத் தெரிவது ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருப்பது, வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை, திருப்பத்தில் பக்கத்திலிருப்பவர் மேல் சரிவது. ஆகவே இருக்கையை மாற்றுவது பார்க்கிறவனுடைய காரை மாற்றுவதில்லை. உட்காருகிறவனுடைய காரை முழுக்கவே மாற்றிவிடுகிறது. எஞ்சினை மாற்றும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். வண்டியில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்குப் பானெட்டுக்குள் எந்த எஞ்சின் ஓடுகிறது என்பது தெரியாது.

3

தெரிந்த குடும்பம் ஒன்று. தகப்பனார் விட்டுப்போன அம்பாசிடர், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான முன் இருக்கை. தாயாருக்கு முதுகெலும்பில் தேய்மானம். மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அண்ணன் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், உடைப்புக்கு வந்த வேறொரு காரின் தனி இருக்கைகள் இரண்டை வாங்கிவந்துவிட்டார். “அப்பா வண்டிய அப்பா வண்டியாவே உட்டுடுண்ணா” என்றான் தம்பி. அண்ணன் சொன்ன பதில்: “அப்பா இல்ல. அம்மா இருக்காங்க.”

அண்ணனின் வாக்கியத்தைத் தாண்டி எந்த அறநூலும் போக முடியும் என்று தோன்றவில்லை. இருப்பவருக்கும் இல்லாதவரின் தடத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இருப்பவரைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. ஆனாலும் தம்பியின் வாக்கியம் பொய்யாகிவிடவில்லை. ஒரு மனிதனின் உடம்பு, அவன் போன பிறகு, அச்சாகப் பதிந்திருக்கிற இடங்கள் மிகக் குறைவு. செருப்பு, கண்ணாடிச் சட்டம், வண்டி இருக்கை. புகைப்படம் முகத்தைக் காட்டும். எடையைக் காட்டாது. தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசிடரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் குனிந்து எட்டிப் பார்ப்பது எஞ்சினை அல்ல.

இருக்கை பொருத்தப்பட்டு முதல் பயணம் போய்வந்த பின் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்க நேர்ந்தது. “முதுகு தேவலாம். காலத்தான் எங்க வைக்கறதுன்னு தெரியல.” பலகை இருக்கையில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து பழகியவர். புதிய இருக்கையின் இரு விளிம்புகளும் மேடாக எழும்பித் தொடையை அணைத்துக்கொள்கின்றன. அதில் சம்மணம் கிடையாது. பழைய பலகை யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. வேட்டிக்காரர், புடவைக்காரி, மடியில் குழந்தை, குழந்தையின் மடியில் பூசணிக்காய், எப்படி வந்தாலும் அதற்குச் சம்மதம். புதிய இருக்கை, காலைத் தொங்கப்போட்டு நேராக உட்கார்கிற, நடுத்தர உயரமுள்ள, கால்சட்டை அணிந்த ஓர் உடம்பை முன்கூட்டியே கற்பனை செய்துவைத்திருக்கிறது. அந்த உடம்பு வராவிட்டால், வந்த உடம்பைத் திருத்துகிறது.

இதிலிருந்து, பலகை இருக்கை கூட்டு வாழ்க்கை, தனி இருக்கை தனிமனிதவாதம் என்று ஒரு சுலபமான சமன்பாட்டுக்குத் தாவிவிடலாம். நம்மில் பலர் தாவுவோம். தாவக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பலகை எல்லோருக்கும் சம்மதித்தது. பலகையின் சொந்தக்காரர் சம்மதித்தாரா? முன் இருக்கையில் டிரைவருடன் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் வேலைக்காரப் பையனும் ஏழைச் சொந்தக்காரரும்தான். பின் இருக்கையில் முதலாளி சாய்ந்திருந்தார். இன்னும் பின்னால் போனால், பஸ்ஸில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றவே மறுத்த காலம் ஒன்று இந்த மாகாணத்தில் இருந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. ஒரே பலகை என்பதனால் மட்டும் யாரும் சமமாகிவிடவில்லை. ஆகவே பழைய இருக்கையைக் காப்பாற்ற விரும்புகிறவர் அதன் உறவுமுறைகளையும் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவற்றில் சில போனதே நல்லது.

4

அழகை விட்டுவிட்டுக் கழுத்தைப் பற்றிப் பேசுவோம். பழைய பலகை இருக்கையில் தலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் உடம்பு முன்னே தள்ளப்படும், தலை பின்தங்கும், இடையில் கழுத்து. இதற்காகத்தான் அமெரிக்காவில் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்குத் தலைத்தாங்கி கட்டாயமாயிற்று. மூன்று முனைகளில் பிடிக்கிற பெல்ட்டை வால்வோ 1959இலேயே கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் முன் இருக்கை பெல்ட் விதியாக வந்தது 1990களில்தான். இரண்டுமில்லாத வண்டியை இன்றைய நான்குவழிச் சாலையில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிக்கு முன்னால் நிறுத்துகிறோம். அந்த வண்டி பிறந்த காலத்தில் இந்தச் சாலையும் இந்த வேகமும் கிடையாது.

ஆதி வடிவம் காக்கப்பட வேண்டும் என்கிற ரசிகர் தன் கழுத்தை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டுகிறாரென்றால் அது அவர் இஷ்டம். பக்கத்தில் மனைவியையும் பின்னால் பேரனையும் ஏற்றிக்கொண்டு அவர் ரசனையைப் பேச முடியாது. ஒருவருடைய ரசனைக்கு இன்னொருவருடைய எலும்பை ஈடு வைப்பதை எந்தக் கலைக் கொள்கையும் நியாயப்படுத்தாது. இதைச் சொல்லிவிட்டு, புது இருக்கைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுப்பேட்டையிலிருந்து வருவது இருக்கை மட்டும்தான். பாதுகாப்பு அதனுடன் வருவதில்லை. அந்த இருக்கை பிறந்த வண்டியில் அதன் கீழ்த் தகடு அதற்கென்று கெட்டிப்படுத்தப்பட்டிருந்தது. பெல்ட்டின் கொக்கி, தண்டவாளம், தரை எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு. பல ஆண்டு துருவேறிய தரைத் தகட்டில் ஆங்கிள் இரும்பை லேசாகப் பற்றவைத்து இரண்டு போல்ட்டை முடுக்கினால், மோதலின்போது இருக்கை மனிதனையும் தூக்கிக்கொண்டு போகும். தகட்டுக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து, அதனூடே போல்ட்டை இறக்கி, பாரம் பரவும்படி செய்ய வேண்டும். பெல்ட்டின் மேல்முனைக்குக் கதவுத் தூணிலும் அப்படியே. இது கண்ணுக்குத் தெரியாத வேலை. குஷன் கடையில் எல்லோரும் நிறத்தையும் பைப்பிங்கையும் பற்றித்தான் பேரம் பேசுகிறார்கள்.

இன்னொன்று. பழைய இருக்கையின் ஸ்பிரிங் தனியாக இயங்கியதல்ல. அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அந்த ஆட்டத்தின் மிச்சத்தை இருக்கையின் சுருள் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டது. இப்போது வருகிற கெட்டியான ஃபோம் வேறொரு வண்டியின் ஆட்டத்துக்காக வார்க்கப்பட்டது. உயரமும் மாறுகிறது. இருக்கை இரண்டு அங்குலம் எழும்பினால், முன்கண்ணாடியின் மேல் விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வருகிறது. ஸ்டீயரிங் தொடையில் இடிக்கிறது. ஆக, நாகசேனரின் பட்டியலில் இல்லாத இருக்கை, பட்டியலில் உள்ள எல்லாவற்றுடனும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒரு பாகத்தைத் தனியாக மாற்றினேன் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

5

மாற்றுவது என்று தீர்மானித்த பின் அடுத்த கேள்வி: புதியதைப் புதியதாகவே காட்டுவதா, பழையது மாதிரி உறை போட்டு மறைப்பதா? குஷன் கடைகளில் இரண்டும் நடக்கின்றன. சாம்பல் நிறத் துணியோடு புது இருக்கை அப்படியே வந்து உட்காருவதும் உண்டு. உள்ளே ஃபோம், வெளியே பழைய காலத்து ரெக்சின், அதே கோடுகள், அதே பைப்பிங் என்றும் உண்டு.

1964இல் கட்டடப் பாதுகாவலர்கள் வெனிஸில் கூடி எழுதிய சாசனம், மாற்று பாகம் முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதேசமயம் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனத்தின் டூரின் சாசனம், செய்த மாற்றம் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், எடுத்த பாகத்தை வண்டியோடு பத்திரப்படுத்து என்கிறது. இது மியூசியத்தின் அறம். பொருளின் சடமே சத்தியம் என்று நம்புகிற அறம்.

கோயில் திருப்பணியின் அறம் வேறு. பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ பலகைக்கோ மாற்றிவைத்துவிட்டால், கருவறை வெறும் கல்கட்டு. அதைப் பிரிக்கலாம், கட்டலாம். கும்பாபிஷேகத்தில் இருப்பு திரும்பி வருகிறது. இடைக்காலத்தில் ‘அதுவாக இருத்தல்’ ஒரு குடத்துத் தண்ணீரில் காத்திருக்கிறது. தீஸியஸின் கப்பலுக்கு இதைவிடத் துணிச்சலான பதிலை நான் அறியேன். ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து நம்ப வேண்டும். நம்பிக்கை தளர்ந்து சடங்கு மட்டும் மிஞ்சுகிறபோது, பழங்கல்லின் மீது பளபளப்பு ஓடு ஒட்டிவிட்டு அதையும் திருப்பணி என்கிறோம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று அவன் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். பழைய பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிராகரிக்கிற இந்தக் குரல் நவீனத்துவக் குரல்தான். ஆனால் சில தலைமுறைக்குள் மாமல்லபுரத்து ரதங்களில், அதே பல்லவர் கல், உத்தரத்தின் முனைகளையும் கூரையின் வளைவையும் தன்மேல் செதுக்கிக்கொண்டு, மரமும் கூரையுமாக நிற்கிறது. மரத்தை விட்டுவிட்டு மரத்தின் முகத்தை வைத்துக்கொண்டது. இதைப் பொய் என்று சொல்லத் துணிய மாட்டோம். வெனிஸ் சாசனத்தின் கண்ணால் பார்த்தால் ரெக்சின் உறை போட்ட ஃபோம்தான் அது.

வித்தியாசம் எங்கே? மாமல்லபுரத்துச் சிற்பி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அது மரம் என்று எவனும் நம்பப்போவதில்லை. முகம் ஞாபகமாக நிற்கிறது. குஷன் கடை உறையும் அவ்வாறே ஆகலாம், வண்டிக்காரர் உள்ளே இருப்பது என்ன என்று கேட்டவரிடம் சொல்கிற வரையில். வண்டியை விற்கிற நாளில் ‘எல்லாம் ஒரிஜினல் சார்’ என்றாரானால், அதே ரெக்சின் அந்தக் கணத்தில் மோசடியாகிவிடுகிறது. நேர்மை துணியில் இல்லை. துணியைப் பற்றிச் சொல்லப்படுகிற வாக்கியத்தில் இருக்கிறது.

நம் தொழிலுக்கும் இது பொருந்தும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது ணை, லை, னை முதலியவற்றின் உருவம் மாறியது. அதற்கு முன் அச்சான கதைகளை இன்று புதிய எழுத்தில் படிக்கிறோம். புதுமைப்பித்தன் மாறிவிட்டார் என்று யாரும் அழவில்லை. ஆனால் பதிப்பாசிரியர் வாசகனின் சௌகரியத்துக்காக ஒரு சொல்லை மாற்றினால் சண்டைக்குப் போகிறோம், போகவும் வேண்டும். கவிதையில் இன்னும் விசித்திரம். யாப்பைக் கழற்றி எறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் பல வரிகளில் தென்றலும் நிலவும் அதே பைப்பிங்கோடு உட்கார்ந்திருக்கின்றன. புது ஃபோமின் மேல் பழைய உறை. கேட்டால், எல்லாம் புதுசு என்கிறார்கள். பழைய கார்க்காரரின் பொய்யைத் தலைகீழாகச் சொல்வது இது.

6

முடிவாகச் சொல்லக்கூடியது சிறியதுதான். வண்டி சாலையில் ஓடுகிற வரை, அதில் உட்காருகிற உடம்புக்குத்தான் முதல் உரிமை. ஆகவே இருக்கையை மாற்றலாம். சில உடம்புகளுக்காக மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது பழைய துளைகளை அழிக்காமல், பழைய தண்டவாளத்தை வெட்டாமல் மாற்ற வேண்டும். நமக்குப் பின்னால் வருகிறவருக்கு நம் தீர்மானத்தை ரத்து செய்கிற வசதியை விட்டுவைப்பது, இந்த விஷயத்தில் அறத்தின் பெரும் பகுதி. மாற்றியதை மாற்றியது என்றே சொல்ல வேண்டும். கடைசியாக, உட்காரப்போகிறவரை, அவர் காலை எங்கே வைப்பார் என்பது உட்பட, முதலிலேயே கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு மாதம் வாதாடினார்கள். தாயாரைக் கேட்டது இருக்கை பொருத்திய பிறகு.

ஹாப்ஸின் இரண்டாவது கப்பலுக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. இந்தச் சாலையோரப் பட்டறைகளுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கழற்றிய பலகை இருக்கைகள் கிடக்கும். இரண்டு பக்கமும் கல் அண்டக்கொடுத்திருப்பார்கள். வண்டி வேலை முடிகிற வரை காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். கப்பலாக மீண்டும் கட்டப்பட வேண்டும் என்ற அவசியம் அந்தப் பலகைக்கு இல்லை. வண்டி போய்விட்டது; அதில் இன்னமும் மூன்று பேர் உட்காரலாம். கொஞ்சம் நகர்ந்துகொண்டால் நாலு பேர். நகருவார்களா என்பதை இருக்கை தீர்மானிப்பதில்லை.